கடுகு

வினிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
நரம்பியல் டொக்டர் பிரீசன்
மூக்கைத் தொடச் சொன்னார்,
விரலைத் தட்டச் சொன்னார்,
நடந்து திரும்பச் சொன்னார்.
திரும்ப எனக்கு ஏழு அடி வேண்டியிருந்தது.

ஒரு வசனம் எழுதுங்கள்,
உங்கள் மொழியிலேயே.

எழுதினேன்:
முந்தநாள் கார் மோதினது
பனியாலை இல்லை, என்னாலை.

அடிமட்டம் வைத்து
எழுத்தின் உயரத்தை அளந்தார்.
'முந்தநாள்' மொச்சைக் கொட்டை.
'என்னாலை' கடுகு.
அளவை மட்டும் குறித்துக்கொண்டார்.

பக்கத்துக் கதிரையில் தவமலர்
கண்ணாடியைப் போட்டு
கடுகைத்தான் முதலில் வாசித்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.
என் குளிர்கோட்டுப் பையில் கைவிட்டு
கார்த் திறப்பை எடுத்துக்கொண்டாள்.

லிஃப்டில் இறங்கும்போது
வெறும் பைக்குள்
பெருவிரலும் சுட்டுவிரலும்
இல்லாத சில்லறையை
எண்ணிக்கொண்டே இருந்தன.