ஐந்து நொடி

நேற்றிரவு பதினொன்றே காலுக்கு
சர்வரில் ஓட விட்டுப் படுத்தேன்,
நானூற்றுப் பன்னிரண்டு டெஸ்டுகளை.
கோத்தகிரி ஆறரைக் குளிரில்
போர்வையோடு எழுந்து பார்க்கிறேன்:
நானூற்றுப் பதினொன்று பச்சை.
ஒன்று மட்டும்
தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை,
இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

தேயிலை ஃபேக்டரிக்கு இலை எடை போடும் மென்பொருள்.
டெஸ்டில் நிஜத் தராசு கிடையாது,
தராசு மாதிரி ஒரு பொய்.
அதனிடம் “எத்தனை கிலோ?” என்று கேட்டுவிட்டு
விடிய விடியக் காத்திருக்கிறது.
பொய்க்குப் பேச்சு சொல்லித்தர மறந்தவன் நான்தான்.

அதன் பின்னால்
குன்னூரிலிருந்து ஷீபா அனுப்பிய திருத்தம்,
கோவையிலிருந்து இரண்டு,
ஏழு மணி நேரமாய் அப்படியே நிற்கின்றன,
பர்லியாறில் மரம் விழுந்த நாள் மாதிரி.

தோற்றிருந்தால் பரவாயில்லை.
சிவப்பெழுத்து, வரி எண், ஒரு டீ,
திருத்திவிடலாம்.
வாயே திறக்காததை என்ன செய்ய?

கீழே ரோட்டில் இலை லாரி.
மாதன் மூன்று தடவை ஹார்ன் அடிப்பான்.
மூட்டை வந்தால் ஏற்றுவான்,
வராவிட்டால் கியர் போட்டுவிடுவான்.
இங்கே அவனைத் திட்டுகிறார்கள்.
கட்டபெட்டில் மூட்டையோடு நிற்பவர்களைக் கேளுங்கள்,
தங்கமான மனுஷன்.

சரி. எத்தனை ஹார்ன்?

இரண்டு நொடி என்று எழுதினேன்.
என் மடிக்கணினியில்
மகா மந்தமான டெஸ்டுக்கே நாற்பது மில்லி நொடிதான்.
ஐம்பது மடங்கு தாராளம்.
பொய்த் தராசு டெஸ்ட் சொன்னபடி செத்தது.
மணக்க மணக்க இன்னொரு டீ.

மத்தியானம் மேகம் இறங்கியது.
ஜன்னல் வெள்ளையானது. கரண்ட் போனது.
பேட்டரிக்கு மாறிய மடிக்கணினி
மூச்சை அடக்கிக்கொண்டு நடந்ததில்
ஒரு பாவமும் அறியாத வேறொரு டெஸ்ட்
இரண்டு நொடி மூன்று மில்லி நொடியில்
போய்ச் சேர்ந்தது.
மறுபடி ஓட்டினேன். பிழைத்தது.
அந்தப் பச்சையை என்னால் நம்ப முடியவில்லை.

ஐந்தாக்கினேன்.
பக்கத்தில் ஒரு குறிப்பும்:
‘மேகம் இறங்கினால் இரண்டு போதாது.’

ஷீபா கேட்டாள்:
“எந்த மேகம்? நாம மாச வாடகை கட்டுறதா?”
“ஜன்னல்ல வர்றது.”

அவளுக்கும் அங்கே அதே மேகம்தான்.
ஆனாலும் ஒப்புதல் வரவில்லை.
என்னவோ தட்டச்சு செய்கிறாள்,
மூன்று புள்ளிகள் மேலும் கீழும் ஆடுகின்றன.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
ஆறாவது நொடி.