நாலு பேர்

ஐந்தாண்டுத் திட்டம் கேட்டு
மாவட்டக் கண்காணிப்பாளர் மெக்கல்லம் அனுப்பிய படிவத்தில்
ஒன்பதாவது கட்டம்:
உங்கள் சபையைச் சுற்றி வாழ்வோர் யார்,
எந்த மொழி, எந்த மதம், எத்தனை பேர்?
ஆதாரம் காட்டவும்.

எங்கள் சபையைச் சுற்றி
ஒரு பக்கம் டயர்க் கடை,
மறுபக்கம் கொத்துரொட்டி.
திருவிருந்து நேரத்தில்
இரும்புத் தட்டின் தாளம் சுவரைத் தாண்டி வரும்.
இதற்கு ஆதாரம் கேட்கவில்லை.

பனி கொட்டி ஓய்ந்த செவ்வாய் மத்தியானம்
மார்க்கம் வீதி நூலகம்.
சப்பாத்தில் உப்புக் கறை.
போதகர்களுக்கென்று தனிக் கதவு கிடையாது,
எல்லாருக்கும் ஒரே கதவு, அதுவும் இலவசம் என்று
குடிசனக் கணக்கைத் திரையில் திறந்து தந்தாள்
தகவல் மேசை லுஸ்விமிண்டா.
இடத்தைத் தெரிவுசெய். மொழியை. வயதை. பிறகு மதத்தை.
ஒவ்வொரு சொடுக்குக்கும்
ஸ்காபரோ சுருங்கிச் சுருங்கி
கடைசியில் எங்கள் வட்டாரம்,
உள்ளங்கை அகலத்தில்.

இந்து. கத்தோலிக்கர். பெந்தெகொஸ்தே. மதம் இல்லை.
கடைசி எண்
நான் நினைத்ததைவிடக் கொழுத்திருந்தது.

எல்லா எண்ணும் ஐந்திலோ சைபரிலோ முடிந்தன.
ஏன் என்றேன்.
ஆளை அடையாளம் காணாதிருக்க
மேலேயோ கீழேயோ உருட்டிவிடுவார்கள் என்றாள்.
தொண்ணூற்றொன்பது இருந்தால்?
நூறு ஆகலாம், பாஸ்டர். தொண்ணூற்றைந்தும் ஆகலாம்.
தொலைந்த ஒன்றைத் தேடி மலைக்குப் போக
இந்த அட்டவணையில் யாருக்கும் வேலை இல்லை.
ஞாயிறுப் பிரசங்கம் கிடைத்துவிட்டதென்று
சிரித்துக்கொண்டே பேனையை எடுத்தேன்.

அப்போதுதான் அடிக்குறிப்பு. பொடி எழுத்து.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன்:
மதம் பற்றிய கேள்வி எல்லா வீட்டுக்கும் போகவில்லை.
நாலு வீட்டுக்கு ஒரு வீடு.
அந்த ஒரு வீட்டின் பதில்
ஏறக்குறைய நாலு வீட்டின் பதிலாய் எடைபோடப்படும்.

அந்த நீளப் படிவம் எங்களுக்கு வந்தது.
கொரோனாக் காலத்து மே மாதம்.
சுகிர்தாவுக்கு இரவு வேலை.
நேத்தன் மேல்மாடியில், கதவு சாத்தியிருந்தது.
வீட்டில் ஒருவர் எல்லாருக்குமாக நிரப்பலாம் என்றிருந்தது.
நிரப்பினேன்.

மூன்று கிழமை முன்னர்தான்
பருப்புக்கறியைக் கரண்டியால் கிண்டியபடி
"அப்பா, எனக்கு நம்பிக்கை இல்லை.
உங்களோட கோபமில்லை. இல்லை, அவ்வளவுதான்"
என்று சொல்லியிருந்தான்.
அதைச் சொல்ல அவனுக்கு எத்தனை மாதம் பிடித்ததோ.
'மதம் இல்லை' என்ற வட்டத்தைத் தாண்டிப் போய்
அவன் பெயருக்கு நேரே வெறும் கோட்டில்
எங்கள் சபையை எழுத
எனக்கு அரை நிமிடம்.

யார் பார்க்கப்போகிறார்கள் அந்தப் படிவத்தை?
மெக்கல்லமா, மூப்பர்களா, டயர்க் கடைக்காரரா?
இருந்தும் பயந்தேன்,
நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று.

இதோ அந்த நாலு பேரும்
அட்டவணைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.
இளவயது, தாய்மொழி தமிழ், கிறிஸ்தவர்.
நாலு பேரும் என் மகன்.
ஒருவனும் ஆராதனைக்கு வருவதில்லை.

அச்செடுக்கட்டுமா என்றாள் லுஸ்விமிண்டா.
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். எண்ணுவது எளிது.

ஒன்பதாம் கட்டத்தில் எண்ணை எழுதினேன்.
ஆதாரம்: குடிசனக் கணக்கு.
அதன் கீழே பென்சிலால்:
நாலைக் கழிக்கவும்.
காரணம் கேட்டால் நேரில் சொல்கிறேன்.

பஸ் தரிப்பில் நின்று வாட்டர்லூவுக்கு எடுத்தேன்.
மணி அடித்து ஓய்ந்தது.
வகுப்பில் இருக்கிறேன், என்ன அவசரம்
என்று செய்தி வந்தது.
கையுறையைக் கழற்றிக்கொண்டு
விறைத்த விரலால் தட்டினேன்:
அவசரமில்லை. ஒரு கணக்கில்
உன்னைப் பிழையாகப் போட்டுவிட்டேன்.