பத்து விநாடி

எங்களிடம் இருப்பது ஒரே மடிக்கணினி,
சாஸ்கடூனில், நிலக்கீழ் வீட்டில்,
ஹீட்டர் குழாய்க்குப் பக்கத்து மேசையில்.
பகலில் துவாரகன் டயர்க் கிடங்கில்,
இரவில் நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்.
வாசலில் சந்திக்கிறோம்,
ஒருவர் சப்பாத்தைக் கழற்ற, மற்றவர் மாட்ட.

எனக்கு வின்டோஸ் வேண்டும்.
கணக்குப்பதிவுப் பாடத்தின் மென்பொருள்
வேறெதிலும் மூச்சு விடாது.
அவனுக்கு லினக்ஸ்; மாசியில் பரீட்சை.
ஒரு வட்டுக்குள் இரண்டு குடித்தனம்.
முன்கதவுச் சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி.

ஒரு ஞாயிறு முழுக்கப் பொருத்திப் பார்த்தோம்.
வின்டோஸின் சொந்த வாயில்காப்போன்
பக்கத்து வீட்டாரைத் தெரியாததுபோல் இருந்தான்.
ரீஃபைண்ட் நல்ல வடிவு:
ஒரு பென்குயின், ஒரு ஜன்னல்,
வாசிக்கவே தேவையில்லை.
இது போதும் என்றேன்.
கிரப்? கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்
வழக்குத் தாள் மாதிரி.
"ஆனா இதிலை பேரை நாங்களே எழுதலாம்"
என்றான்.

திங்கள் விடிய, மைனஸ் முப்பத்தொன்றில்
பஸ்ஸால் இறங்கி வந்து,
கையுறையைப் பல்லால் இழுத்துப் பொத்தானை அமுக்கினேன்.
*வின்டோஸ் – தேத்தண்ணி பிளாஸ்கில்.*
கொம்பு தன் எழுத்துக்குப் பின்னால் நின்றது,
பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி.
தமிழைக் கோக்கத் தெரியாத திரை.
தனியே நின்று சிரித்தேன்.

பிரிட்ஜ் கதவில் இரண்டு கட்டளைகளை எழுதி ஒட்டியிருந்தான்.
நானும் பழகினேன்.
*லினக்ஸ் – வாடகை கட்டியாச்சு.*
*வின்டோஸ் – கொம்மா எடுத்தவ.*
*லினக்ஸ் – படிச்சியா, படம் பாத்தியா?*

பத்து விநாடி.
கை வைக்காவிட்டால் முதல் வரி தானாகத் திறக்கும்.
அவன் என்னை மேலே போட்டான்,
நான் அவனை மேலே போட்டேன்,
கொஞ்ச நாளில் அதுவும் சண்டையானது.

பிறகு ஒரு செவ்வாய்,
காரின் வயரை இரவில் சுவரில் சொருகவில்லை என்று
வாசலில் வைத்தே கத்தினேன்.
புதன் விடிய, *வின்டோஸ்* என்று மட்டும் இருந்தது.
பக்கத்தில் ஒன்றுமில்லை.
அவன் வரியில் நான் ஒன்று எழுதினேன்.
பிறகு பாடம் படித்தேன்,
கேட்ட எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று அமுக்கி
மூடிவிட்டுப் படுத்தேன்.

வியாழன், கறுப்புத் திரையே வரவில்லை.
நேரே நீல ஜன்னல்.
எனக்குப் பதில் சொல்லாமல்
வாசலையே இடித்துவிட்டானா?
அன்று வரவும் செலவும் ஒரே நிரலில் விழுந்தன.

பின்னேரம், லேஸ் கட்டியபடி கேட்டேன்:
"ஏன் அழிச்சனீ?"
"நானோ? நீ அழிச்சாய் எண்டு நினைச்சன்."
இருவரும் மேசைக்குப் போனோம்.
ஒரு அப்டேட். புதன் விடிய.
வின்டோஸ் தன்னைத்தானே முதலில் போட்டிருக்கிறது.
ஓம் சொன்னது நான்.

வரிசையை மாற்ற அவனுக்கு இரண்டு நிமிடம்,
என் பஸ்ஸுக்கு நாலு.
கறுப்புத் திரை திரும்பி வந்தது,
நான் புதன் எழுதியதோடு:
*லினக்ஸ் – கத்தினது பிழை. பேசு.*
அங்கேயும் கொம்பு தள்ளியே நின்றது.
அவன் மெல்ல, எழுத்துக்கூட்டி வாசித்தான்.
ஒன்பது. எட்டு. ஏழு.

ஏதாவது ஒரு விசையைத் தொட்டால்
எண்ணுவது நின்றுவிடும்.
தொட்டேன்.
எண் மறைந்தது. இரண்டு வரிகளும் நின்றன.
மேலே, பனியை நெரித்துக்கொண்டு
என் பஸ் போகும் சத்தம்.