முதல் ரகம்

ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
கணக்கு எழுதுகிறேன்.
பால்வாடிக்கு லீவு விட்டால்
மேசைக்கடியில் என் மகள்.

நாலு வயது தேஜுவுக்கு
காலி கிரேட்தான் வீடு,
கழித்துப் போட்ட தக்காளிதான் சனம்.
இன்றைக்கு அந்த வீட்டில் ஏதோ விசேஷம்.
பேனாவை மூடிவிட்டுக் குனிந்தேன்.

உருண்டு சிவந்த பழத்துக்கு
"வாங்க வாங்க, உக்காருங்க, காப்பி குடிக்கிறீங்களா?"
வெடித்த பழத்துக்கு
"ஏய், அங்கயே நில்லு."
பாதி காயாய் இருந்த ஒன்றை
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து
"நீ... நீங்க..." என்று திணறி
மடியில் போட்டுக்கொண்டாள்.

நான் சொல்லிக் கொடுத்தது வேறு.
பெரியவங்களை நீ, வா, போ என்று பேசக் கூடாது என்று
வாயிலேயே தட்டியிருக்கிறேன்.
பெரியவங்க யாரென்று அவள் கேட்கவில்லை.
மேசைக்கடியில் உட்கார்ந்து
காதாலேயே பொறுக்கிக்கொண்டாள்.

முதலாளி மகன் பிரணீத், எட்டாங்கிளாஸ்,
காரிலிருந்து இறங்கினால் "வாங்க தம்பி."
ஐம்பத்தெட்டு வயது மாதப்பன்
தலைச்சுமையோடு உள்ளே நுழைந்தால்
"டேய் மாதா, இங்க வைடா."
நான் "மாதப்பா, வா" என்பேன்.
டா போடுவதில்லை என்று
எனக்கொரு சின்னப் பெருமைகூட உண்டு.
பெங்களூர் போனுக்கு ஹேளி,
குப்பம் வியாபாரிக்குச் செப்பண்டி,
மூன்று பாஷையில் மரியாதை தெரிந்தவள்.
அடம் பிடித்துத் தட்டைத் தள்ளும் தேஜுவிடம்
"சாப்பிடுங்க மேடம்" என்று பல்லைக் கடிப்பேன்,
அது நாலாவது.

மறுநாள், ஏழு மணி லோடு.
மாதப்பன் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தான்.
நிமிர்ந்தார்.
"உக்காருங்க" என்றேன்.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.
பின்னால் தராசுதான் இருந்தது.

"டீ சொல்லட்டுங்களா?"

தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டினார்.
"எம்மேல ஏதாச்சும் கோவமாம்மா?
நேத்து ரெண்டு கிரேட் கொறைஞ்சுதுன்னு பேசிக்கிட்டாங்க.
சத்தியமா நான் எடுக்கல."

இல்லை இல்லை என்றேன்.
எத்தனை தடவை என்று நினைவில்லை.
டீ வந்தது.
நின்றுகொண்டேதான் குடித்தார்,
தம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்தார்.

அவர் போனதும்
மேசைக்கடியிலிருந்து ஒரு கை
என் சேலையைப் பிடித்து இழுத்தது:

"அம்மா, மாதப்பாவ ஏன் திட்டுன?"