பால் எடுக்கிற இடம், காலமை ஐந்து பத்து

தமக்கை பிள்ளையின் பிறந்தநாள் படம் ஒன்றைப்
பெருப்பிக்க வந்தவள்
போனைத் தந்துவிட்டு மருந்துக்கடைக்குப் போனாள்.
மாங்குளம் சந்தி. மழைக்கு முந்தின வெக்கை.
நான் தேடியது கேக்கும் கடதாசித் தொப்பியும்.
திறந்துகொண்டது வேறொரு கோப்புறை.

மூடியிருக்கவேணும். மூடவில்லை.

ஒரு பால் கேன்.
அதன் வயிற்றில் வளைந்து தெரிகிற வாசல்,
வாசலில் சைக்கிள், சைக்கிளில் ஒரு மனிதர்,
முகம் இல்லை அவருக்கு, அவசரம் இருந்தது.
அடுத்தது, யூரியாப் பைகளைக் கழுவிக் காயவிட்ட கம்பிவேலி.
அடுத்தது, அறுவடை மெசினின் முன்வெளிச்சத்துக்குள்
குந்தியிருந்து சோறு தின்கிற நாலு பேர்,
சுற்றிவர அவ்வளவு இருட்டு.

பதினொரு வருசமாய் நான்
மணப்பெண்களின் கழுத்தை வெள்ளையாக்குகிறவன்.
தண்ணீரூற்றில் நிற்கிற சோடிக்குப் பின்னால்
சுவிஸ் மலையை இரண்டு நிமிசத்தில் வைப்பேன்.
அன்றைக்கு எலியில் வைத்த கை அசையவில்லை.

"உதெல்லாம் ஆர் எடுத்தது?"
"நான்தான். சும்மா.
இடம் காணாதெண்டால் அழிச்சுவிடுங்கோ."

தவயோகினி.
துணுக்காய்ப் பால் நிலையத்தில் தரம் பார்க்கிறவள்.
லக்டோமீட்டர் மிதந்து நிற்கிற கோட்டைக்
குனிந்து, கண்மட்டத்தில் வைத்து வாசிக்கிற வேலை.
மூச்சுப் பட்டாலும் பிழைக்கும் என்றாள்.
படங்கள் ஏன் எல்லாம் இடுப்பளவு உயரத்திலிருந்து பார்க்கின்றன
என்று அப்போதுதான் விளங்கியது.

அவளிடம் கேட்டு, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு அலைந்தேன்.
கிளிநொச்சியில் ஒருவர்
"கமரா என்ன மொடல்?" என்றார்.
யாழ்ப்பாணத்தில் ஒருவர் தேத்தண்ணி தந்தார்,
கணினியைத் திறக்கவில்லை.
கொழும்பிலிருந்து வந்தவர் எல்லாவற்றையும் பார்த்தார்,
பொறுமையாய், இரண்டு தரம்.
பிறகு கேட்டார்: "இதில் வன்னி எங்கே?"

தலை போன பனைகளைக் கேட்கிறார்.
சட்டம் போட்ட படத்தை நெஞ்சோடு பிடித்திருக்கிற தாய்மாரைக் கேட்கிறார்.
"இதுதான் ஐயா. காலமை ஐந்து பத்துக்கு வன்னி இப்படித்தான் இருக்கும்."
"எங்கேயும் எடுத்திருக்கலாமே" என்றார்.
அந்தச் சொல்லோடு பஸ்ஸில்
முறிகண்டி தாண்டியும் சண்டைபிடித்தேன்.

ஒன்றே ஒன்று அவருக்குப் பிடித்தது:
கேன் வரிசையில் சாய்த்துவைத்த பொய்க்கால்.
அதை நடுவில், பெரிதாய், என்றார்.
அவளிடம் சொன்னேன்.
"அது சிவலோகண்ணையின்ர. கால் உரஞ்சுதெண்டு கழட்டி வச்சவர்.
நான் அவரிட்டக் கேக்கேல்லை."
அவ்வளவுதான். அந்தப் படம் இல்லை.
அவரும் இல்லை.

மல்லாவிச் சங்க மண்டபத்தில் மாட்டினோம்.
சணல் கயிறு, உடுப்புக் கிளிப், பத்தொன்பது படங்கள்.
பசளை மணம் போகவேயில்லை.
இரவிரவாய் யோசித்துத் தலைப்புகள் ஒட்டினேன்:
"தனிமையின் பாத்திரம்." "காத்திருப்பு - 2."
அவள் நீலப் பேனையோடு வந்தாள்,
ஒன்றும் பேசாமல் வெட்டி வெட்டி எழுதினாள்:
பால் எடுக்கிற இடம், காலமை ஐந்து பத்து.
வேலி.
மதியண்ணை ஆக்கள், சாப்பாடு.

வந்தவர்கள் பால்காரர்.
"இது என்ர கேன். நசுங்கல் தெரியுது பார்."
ஒருவர் தன் மட்கார்ட்டைக் கண்டுபிடித்து,
பெண்சாதியைக் கூட்டிவர வீட்டுக்குப் போனார்.
ஒரு கிழவர் இருட்டுப் படத்தின் முன்னால் கனநேரம் நின்று
"வெளிச்சத்துக்கு வெளியிலயும் ஆக்கள் இருந்தவை" என்றார்.
இருந்தார்களா என்று அவளைப் பார்த்தேன்.
தலையாட்டினாள்.

இப்போது ஆர் போனை நீட்டினாலும்
"வேற என்ன எடுத்திருக்கிறியள், பாக்கலாமோ?" என்கிறேன்.
சிலர் பறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.
சந்தியில் எனக்கொரு பெயரும் வந்துவிட்டது, நல்லதல்ல.
நேற்று, மின்சாரசபைப் பொடியன் ஒருவன்,
கம்பத்தின் உச்சியிலிருந்து முப்பது கூரைகள் எடுத்திருக்கிறான்.
ஒவ்வொன்றிலும் காற்றுக்குப் பயந்து ஏதோ பாரம்:
டயர், அம்மி, உடைந்த கதிரை,
ஒன்றில் ஒரு நாய்.

"இரு தம்பி, இரு" என்கிறேன்.
திரையில் ஒரு மணப்பெண்
கழுத்துப் பாதி வெள்ளையோடு
காத்துக்கொண்டிருக்கிறாள்.