மூன்று நிமிடம் முடிந்தது

சயான் கோலிவாடா, மூன்றாம் மாடி.
தீப்பெட்டியளவு மைக்கை
அத்தையின் முந்தானைக் கரையில் குத்தினேன்.
"இதுக்குப் போயா ரெண்டாயிரம் குடுத்தே?"
முதல் கோப்பின் முதல் வாக்கியம் அதுதான்.

கனடாவிலிருந்து சார்லஸ் அண்ணன்
கேள்விப் பட்டியல் அனுப்பியிருந்தான்.
பம்பாய் வந்த வருஷம், முதல் சம்பளம்,
மறக்க முடியாத சம்பவம் ஒன்று.
ஒன்றுதானாம்.

தங்கபுஷ்பம் அத்தைக்கு எழுபத்தெட்டு.
டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம்
ஹெட்போன் அழுத்திய தலையோடு
ஊரை ஊரோடு செருகிக்கொண்டிருந்தவள்.
பழக்கம் விடவில்லை.
எந்தக் கதையையும் மூன்று நிமிடத்தில் நிறுத்தி
என் முகத்தைப் பார்க்கிறாள்.
நான் தலையசைத்தால்தான்
அடுத்த மூன்று.

ஹார்பர் லைனில் ரயில் போனாலும் நிறுத்துவாள்.
"இரைச்சல். பார்ட்டிக்குக் கேக்காது."

லைட்னிங் காலுக்கு எட்டு மடங்கு காசு,
சாவு வீட்டுக்காரர்களும் வைர வியாபாரிகளும்தான் போடுவார்கள் என்றாள்.
ஒரு ஜூலையில் தாதர்வரை
தண்டவாளத்துத் தண்ணீரில் நடந்தபோது
ஒற்றைச் செருப்பு போய்விட்டது.
மற்றதைக் கையில் பிடித்தபடியே
வீடுவரை வந்திருக்கிறாள்.
"எதுக்குன்னு இன்னைக்கும் தெரியல."

மூன்றாம் நாள்
மைக்கை அவளே கழற்றி
மாத்திரை டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

எழுபத்தைந்து. ராத்திரி டூட்டி.
சாத்தான்குளத்துக்கு ஒரு பி.பி. கால்.
கூப்பிடுகிறவர் பெயர் தேவசகாயம்.
வரவேண்டியவர் ஆசீர்வாதம் வாத்தியார்.
அவள் அண்ணன். என் அப்பா.
அந்தப் பக்கம்
அவளைப் பார்த்துப் பிடித்துப்போய்
ஊர் திரும்பியிருந்த பையனின் தகப்பன்.

"பேச்சு சரியா விழுதான்னு ஒரு நொடி கேக்கணும்.
அது ரூலு.
நான் கொஞ்சம் கூடக் கேட்டுட்டேன்."

அவளுக்கே இஷ்டமில்லை சார்,
வேலையை விடமாட்டேங்கா,
நீங்க வேற இடம் பாருங்க.
என் அப்பாவின் குரல்.
கீழ்வீட்டுக்காரரிடம் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப்
பேசும் அதே குரலாம்.

மூன்று நிமிடம் முடிந்தது.
இங்கிலீஷில் கேட்டிருக்கிறாள்:
நீட்டிக்கவா சார்?
வேண்டாம், தேங்க் யூ மிஸ்
என்றாராம்.

"வயரைப் பிடுங்கியிருக்கலாமே அத்தை."
"லைன் கிளியரா இருந்துச்சேட்டி."

சீட்டையும் அவளே எழுதினாள்,
நேரம், ஊர், தொகை.
காலையில் வீடு வந்தபோது
பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா கேட்டார்:
ராத்திரி வேலை ஜாஸ்தியோ?
ஆமாண்ணே என்றாள்.
அவ்வளவுதான். அப்புறம் இட்லி.

அப்போது எனக்கு இரண்டு வயது.
பிறகு கான்வென்ட்டில் பத்து வருஷம்
என் ஃபீஸ் ரசீதுகளின் பின்பக்கம்
யார் கையெழுத்து என்று
நான் திருப்பிப் பார்த்ததில்லை.
அப்பாவின் படம் இதே சுவரில் இருக்கிறது.
சனிக்கிழமைதோறும் அவள்தான் துடைக்கிறாள்,
ஃபேனைத் துடைத்த அதே துணியால்.

அண்ணனுக்கு இதையும் அனுப்பவா என்றேன்.
பட்டாணியை உரித்துக்கொண்டே யோசித்தாள்.
"அனுப்பு. என் குரல்ல வேண்டாம்.
ஆபரேட்டர் குரல் காலுக்குள்ள விழப்படாது.
நீ எழுது."

நாலு மணி பன்னிரண்டு நிமிடம்
குழுவில் ஏற்றியாகிவிட்டது.
செருப்புக் கதைக்கு ஒன்பது இதயங்கள்.
சூப்பர், என்று எழுதியிருக்கிறான் சார்லஸ் அண்ணன்.
அத்தை ஏன் கல்யாணம் பண்ணிக்கலேன்னு
கேட்க மறந்துட்டியா?

மறக்கவில்லை.
இந்தப் பத்தியில் நிற்கிறேன்.
எதிரில் அவள்
கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு
மூன்று நிமிடம் ஆயிற்றே என்பதுபோல்
என் முகத்தைப் பார்க்கிறாள்.
வெளியே பன்வேல் ரயில் போகிறது.
அது போய் முடியட்டும்.