உலோகம்: ஓம் / இல்லை

படிவத்தில் பதினொரு கேள்வி.
இதயத்தில் கருவி உண்டா, இல்லை.
காதுக்குள் கருவி உண்டா, இல்லை.
பல்லுக்குக் கம்பி, எலும்புக்கு ஆணி, இல்லை.
கண்ணுக்குள் எப்போதாவது இரும்புத்தூள்?
"நான் என்ன வெல்டிங் வேலையோ செய்தனான்?"
உடம்பில் வேறு ஏதும் உலோகம்?
"தோடு இருந்தது. கழட்டி மகளிட்டைக் குடுத்திட்டன்."

வேதநாயகி, அறுபத்தொன்று, மயிலிட்டி.
இடது கால் மூன்று மாதமாய் விறைக்கிறது.
முள்ளந்தண்டைப் பார்க்கச் சொல்லித் துண்டு.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ரெஸ்லா.
பூமி முழுக்கச் சேர்ந்து இந்த ஊசியைத் திருப்புகிற பலம்
அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கும் வராது.
கரண்ட் போனால் விளக்குப் போகும், விசிறி போகும்,
காந்தம் போகாது.
திரவ ஹீலியத்துக்குள், மைனஸ் இருநூற்று அறுபத்தொன்பதில்,
மின்னோட்டம் தடையென்றால் என்னவென்றே தெரியாமல்
ஞாயிற்றுக்கிழமையும் சுற்றிக்கொண்டிருக்கும்.
போன வருடம் ஒரு சிற்றூழியர் கத்திரிக்கோலோடு நுழைந்தார்.
கத்திரிக்கோல் அவருக்கு முதலே போய்ச் சேர்ந்தது.

"என்ன பிள்ளை செய்யும் இந்த மிசின்?"
சொன்னேன்: நீங்கள் அரைவாசிக்கு மேல் தண்ணி.
தண்ணிக்குள் ஐதரசன். அதன் ஒவ்வொரு கருவும்
ஒரு பம்பரம், ஒரு குட்டிக் காந்தம்.
உள்ளே போனதும் வரிசைக்கு வரும்.
எல்லாம் வராது,
பத்து இலட்சத்துக்கு ஐந்து கூடுதலாய் ஒரு பக்கம் சாயும்,
எங்களுக்கு அது காணும்.
பிறகு வானொலி அலையால் தட்டி விழுத்துவோம்.
திரும்பி எழும்ப எடுக்கிற நேரம்தான் படம்.
கொழுப்பு கெதியாய் எழும்பும்.
முள்ளந்தண்டு நீர் ஆறுதலாய், நாலு செக்கன் மட்டில்.

"எங்களுக்கு இருபத்தேழு வருசம்"
என்றுவிட்டுச் செருப்பை வாங்குக்குக் கீழே தள்ளினா.

ஆஸ்பத்திரி அங்கியின் நாடாவை
முதுகில் முடிச்சிடும்போதுதான் கண்டேன்:
தோளெலும்புக்குக் கீழே அவசரத் தையல், மூன்று.
இது?
"அது ஷெல் துண்டு."
உள்ளே கிடக்கோ?
"ஓம்."
அதுவும் உலோகம்தானே அம்மா.
கொஞ்சம் யோசித்தா.
"கழட்டக்கூடியதைத்தான் கேக்கிறியள் எண்டு நினைச்சன்."

எக்ஸ்றே.
கல்சியத்தில் இருபது இலத்திரன், இரும்பில் இருபத்தாறு.
ஆறுதான் கூட என்று கதிர் கணக்குப் பார்ப்பதில்லை,
மும்மடியாக்கிப் பார்க்கும்.
சுவாசப்பை கறுப்பு, விலா சாம்பல்,
முள்ளந்தண்டுக்கு ஒரு விரல் தள்ளி
புழுங்கலரிசி ஒன்று,
சுத்த வெள்ளை.
திரையில் கிட்டப் போய்ப் பார்த்தா.
"இவ்வளவு தானோ" என்றா, ஏமாந்தது போல.

பிறகு:
"இந்த மிசின் அவ்வளவு கெட்டித்தனமெண்டால்
இதை வெளியாலை இழுத்துவிடச் சொல்லுங்கோவன்."

இழுக்கும் அம்மா. அதுதான் பிரச்சினை.
புலம் எந்தப் பக்கம் கூடுதோ அந்தப் பக்கம் இழுக்கும்.
துண்டு வந்த வழி அதற்குத் தெரியாது.
நடுவில் நரம்பு நிற்பதும் தெரியாது.

சி.ரி.க்கு எழுதிக் கொடுத்தேன்.
அது சுற்றிச் சுற்றி எடுக்கிற எக்ஸ்றேதான்,
எலும்பை நன்றாய்க் காட்டும்,
நரம்பு மங்கல். வேறென்ன செய்ய.
இனித் தோட்டைப் போடலாமோ என்று மகள் கேட்டா.
சி.ரி. முடியட்டும் என்றேன்.

அவர்கள் போனபின்
மிச்சப் படிவங்களை எடுத்து வைத்து
ஒவ்வொன்றிலும் பதினோராம் கேள்விக்குக் கீழே
பேனையால் எழுதினேன்: ஷெல் துண்டும் உலோகம்தான்.

பின்னேரம் ஏழு பேர்.
மூன்று பேர் ஓம் என்பதைச் சுற்றி வட்டம் போட்டார்கள்.
ஒருவர், சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி,
படிவத்தோடு கவுண்டருக்குத் திரும்பி வந்து கேட்டார்,
எத்தனை எண்டும் எழுதவோ?